உதவி அறைக்கு ஆள் வந்த கதை

அந்த உயர்நிலைப் பள்ளியில் ஆபீஸ் அத்தையைத் தெரியாதவர்கள் கிடையாது. அலுவலகத்தில் குமாஸ்தா வேலைதான். ஆனால் தலைவலி மாத்திரையிலிருந்து தொலைந்துபோன ஒற்றை ஷூ வரை எதற்கும் பிள்ளைகள் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்களோ, இப்போது ஆசிரியர்களே சில நேரம் வாய்தவறி 'அத்தை' என்றுவிட்டு அசடு வழிவதுண்டு.

வாராவாரம் பெற்றோர்களின் போனுக்குப் போகும் 'குடும்பங்களுக்கான செய்தி'யை எழுதுவதும் அவள்தான். தேர்வு எப்போது, கால்பந்து ஆட்டம் எங்கே, எந்த வகுப்புக்கு ஆய்வுக்கூடம் மாறியிருக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, அடியில் தவறாமல் 'மாணவர் உதவி' என்று ஒரு பகுதி சேர்ப்பாள். பாடம் புரியாதவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு, பஸ் பாஸ், அளவு பார்த்து எடுத்துக்கொள்ளச் சீருடை, மனசுவிட்டுப் பேச ஓர் ஆலோசகர். எல்லாம் மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த உதவி அறையில் கிடைக்கும். ஒருவரும் படிக்கமாட்டார்கள். கிணற்றில் போட்ட கல்.

படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அதில் எழுதியிருந்ததையே கேட்டு மறுநாள் போன் வேறு செய்வார்கள்.

"நாளைக்கு ஸ்கூல் உண்டா மேடம்?"

"செய்தியில போட்டிருக்கோமே சார்."

"எந்தச் செய்தி?"

ஆலோசகர் சின்ன வயசுக்காரர். அவரை எல்லோரும் கவுன்சிலர் என்று சொல்லப்போக, ஒரு தாத்தா உதவி அறைக்கே வந்து, தெருவிளக்கு எரியவில்லை, கவுன்சிலரைப் பார்க்கவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் உதவி அறைக்கு வந்த பெரியவர் அவர் ஒருவர்தான். ஆலோசகரும் பாவம், விளக்கு விஷயத்தைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, யாரிடம் சொல்லவேண்டும் என்று விசாரித்துச் சொல்லி அனுப்பினார். மற்ற நாட்களில் தனக்குத்தானே சதுரங்கம் ஆடிக்கொண்டு, தானே தோற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

புதிதாக வந்த தலைமையாசிரியைதான் அந்த யோசனையைச் சொன்னாள். "படிக்க நேரமில்லாதவங்களுக்கும் கேக்கக் காது இருக்கும். இந்த வாரம் எழுதாதீங்க. பேசி அனுப்புங்க."

"மேடம், எனக்கு மைக்குன்னா ஆகாது."

"மைக் எங்கே இருக்கு? போன்தானே? தினமும் அதுலதானே பேசுறீங்க?"

தினமும் பேசுவது வேறு, இது வேறு என்று அத்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு பள்ளியின் போனை மேஜைமேல் நிறுத்திவைத்தாள். பொத்தானை அழுத்தியதுமே அவள் குரல் அவளை விட்டுப் போய்விட்டது. "அன்பார்ந்த பெற்றோர்களே, தங்களின் மேலான கவனத்திற்கு" என்று ரயில் நிலைய அறிவிப்பைப் போல ஏதோ ஒரு குரல் வந்தது. 'தன்னம்பிக்கை மேம்பாட்டு அமர்வு' என்பதில் நாக்கு இரண்டு முறை தடுக்கி விழுந்தது. ஒருவழியாக நன்றி சொல்லி முடித்து, பொத்தானை அழுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பொத்தான் அழுந்தவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆலோசகர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"என்னக்கா, ஜுரமா? இப்படி வேர்த்திருக்கு?"

"அட போ தம்பி! இத்தனூண்டு போனுக்கு முன்னாடி பேசுறதுக்கே எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. காலு ரெண்டும் தந்தி அடிக்குது. நாப்பது வயசு தாண்டின எனக்கே இப்படின்னா, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் எழுந்து பேசுன்னு சொன்னா அந்தப் புள்ளைங்க என்ன பண்ணும்?"

"அதுக்குத்தானேக்கா அந்த அமர்வு. வருஷ ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன், ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல."

"எப்படிப் பாக்கும்? தன்னம்பிக்கை மேம்பாட்டு அமர்வுன்னு பேரு வச்சா? கசப்பு டானிக் பேரு மாதிரி இருக்கு. உதவி அறைன்னா ஏதோ தப்பு பண்ணினவங்கள உக்காரவைக்கிற இடம்னு நினைச்சுக்கிறாங்க. அங்க என்ன நடக்குது? நீ உக்காந்திருக்க, நாலு நாற்காலி இருக்கு, பிஸ்கட் இருக்கு. அந்தப் பிஸ்கட்டையும் பசங்களா திங்கிறாங்க? விளையாட்டு வாத்தியார் வந்து தின்னுட்டுப் போறாரு!"

ஆலோசகர் சிரித்தார். "மேடத்துக்கிட்ட சொல்லலாமா?"

"ஐயோ, அவங்க செருப்புச் சத்தம் கேட்டாலே நான் இன்னும் எழுந்து நின்னுடுறேன், ஏதோ ஆறாம் கிளாஸ்ல படிக்கிற மாதிரி. தங்கமான மனுஷிதான், ஆனா அந்தச் செருப்பு இருக்கே..."

மணி அடித்தது. ஆலோசகர் போனார். அத்தை போனை எடுத்து, அது தானாகவே நின்றிருக்கும் என்ற நினைப்பில் எதையெதையோ அழுத்தி, எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பிவிட்டாள். ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கலாம். தன் குரலைத் தானே கேட்பதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவள் அவள்.

சாயங்காலம் மொட்டைமாடிக் கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ பேசுவது கேட்டது. எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று காதைத் தீட்டினாள்.

"...அந்தப் பிஸ்கட்டையும் பசங்களா திங்கிறாங்க?"

கையிலிருந்த துணியெல்லாம் கீழே விழுந்தது. ஜன்னலுக்குள் எதிர்வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

கீழே ஓடிவந்தால், கடிகாரம் பழுதுபார்க்கும் வேலை பார்க்கிற அவள் கணவர், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ வாடிக்கையாளர் அனுப்பியிருந்தாராம்.

"என்னங்க, சிரிக்கிறீங்களா? என் வேலை போயிடும்!"

"வீட்டுல எனக்கு மட்டும் கிடைச்சது இப்ப ஊருக்கே கிடைச்சிருக்கு," என்றார் அவர். "முதல் பாதி யாரு, வேற ஆளா? யாரோ கண்டக்டர் மாதிரி பேசுறாங்க. பின்பாதிதான் நல்லாயிருக்கு."

பையில் கொண்டுவந்திருந்த பள்ளிப் போனை எடுத்து அழித்துப் பார்த்தாள். அந்தப் போனில் அழிந்தது, ஊரில் அழியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளி வாசலில் நுழையும்போதே பிள்ளைகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். விளையாட்டு வாத்தியார் மைதானத்திலிருந்து ஓடிவந்தார். "அத்தை, சத்தியமா ரெண்டே ரெண்டுதான். என் சம்சாரம் நேத்து ராத்திரி எனக்குப் பிஸ்கட் டப்பாவையே காட்டல."

அத்தை யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். மேஜையருகில் நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"மேடம், மன்னிச்சிடுங்க. வேணும்னு செய்யல."

தலைமையாசிரியை முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காலை வெளியே நீட்டினாள். ரப்பர் செருப்பு. "சத்தம் வருதா?"

"மேடம்..."

"பழசைக் கழட்டி வச்சுட்டேன். என் அம்மாவே சொல்லியிருக்காங்க, நீ நடந்தா குதிரை வர்ற மாதிரி இருக்குன்னு. வேற யாரும் தைரியமா சொல்லல, இத்தனை வருஷமா." அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அழாதீங்க. மாடிப்படிப் பக்கம் போய்ப் பாருங்க. உங்களத்தான் தேடிட்டிருக்காங்க," என்றாள்.

உதவி அறை வாசலில் ஆள் நின்றிருந்தது. ஒருவர் இருவர் அல்ல. சுவரோரமாக ஒரு வரிசை. சீருடை கேட்டு ஓர் அம்மா, கணக்கு வகுப்பைப் பற்றிக் கேட்க ஒரு மாமா, சும்மா பார்க்கலாம் என்று வந்த இரண்டு பேர். ஆலோசகர் திக்குமுக்காடிப்போய், உட்காரச் சொல்ல நாற்காலி போதாமல், சதுரங்கப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

வரிசையின் கடைசியில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிற ஒருவர், சட்டைப் பையில் பேனாவும் கையில் சாவிக்கொத்துமாக நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மகள். ஒன்பதாம் வகுப்பு. அத்தைக்கு அவளைத் தெரியும், முகத்தைத்தான், குரலைக் கேட்டதில்லை. மாதத்தில் சில நாட்கள் வயிற்றுவலி என்று வராமலிருப்பவள்.

"நீங்கதானே அந்தக் குரல்?" என்றார் வேன்காரர்.

அத்தை தரையைப் பார்த்தாள். "ஆமாங்க. தெரியாம நடந்துபோச்சு."

"நல்லவேளை தெரியாம நடந்துச்சு. நேத்து இவளைக் கூட்டிட்டுப் போகும்போது வேன்ல போட்டேன். முதல்ல ஏதோ அறிவிப்பு, நான் பாட்டுக்கு வண்டிய ஓட்டிட்டிருந்தேன். அப்புறம் நீங்க நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க. இவ சட்டுன்னு, 'அப்பா, எனக்கும் அப்படித்தாம்பா'ன்னா." அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "டாக்டர்கிட்ட காட்டினேன், ஸ்கேன் எடுத்தேன், காரத்தை நிறுத்தினேன். வயித்துல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. கிளாஸ்ல எழுந்து பேசுற அன்னைக்குத்தான் வலி வருதுன்னு எனக்குத் தோணவே இல்லையே. வண்டிய ஓரமா நிறுத்திட்டு ரெண்டு பேரும் பேசினோம். இவ இவ்வளவு நேரம் என்கிட்ட பேசி எத்தனை நாளாச்சு!"

அத்தை குனிந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "காலும் தந்தி அடிக்குமா?"

பெண் தலையாட்டினாள். பிறகு அத்தையின் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "காதுல குய்ங்னு சத்தமும் வரும்," என்றாள்.

"அட, எனக்கும் அதேதான்டா கண்ணு!"

ஆலோசகர் அந்த வாரமே தன் அமர்வை ஆரம்பித்தார். டானிக் பேரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கதவில் 'பேசக் கூச்சப்படுபவர்கள் வாங்க' என்று எழுதி ஒட்டினார். வேன்காரர் மகள் வாசல்வரை வந்து ஒரு நிபந்தனை போட்டாள். "அத்தையும் வரணும்."

"நானா? எனக்கு எதுக்கு? எனக்குப் பரீட்சையா இருக்கு?"

"அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க, உங்களுக்கும் பயம்னு."

ஊரே கேட்ட சாட்சியம், மறுக்க வழியில்லை. ஆக, புதன்கிழமை மாலைகளில், ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் அத்தையும் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் நாள் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் வாரம் ஆலோசகர், "பேச வேண்டாம், யாரையாவது திட்டுங்க," என்றார். அத்தை நகல் எடுக்கும் இயந்திரத்தைத் திட்டினாள். காகிதத்தைத் தின்றுவிட்டு முழிக்கிற அந்தக் கடன்காரனை அவள் திட்டிய திட்டில் பிள்ளைகள் உருண்டு புரண்டார்கள். அதன்பின் வேன்காரர் மகள் எழுந்து நின்று, தன் தம்பியைத் திட்டினாள். முதலில் முனகலாக, பிறகு மெல்ல மெல்லக் குரல் ஏறி, அவன் அவளுடைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஷூவைத் துடைத்த இடம் வந்தபோது வராந்தாவில் போன விளையாட்டு வாத்தியார் நின்று எட்டிப்பார்த்தார். பிஸ்கட்டுக்காக அல்ல, சத்தத்தைக் கேட்டுத்தான் என்று அவரே சொன்னார்.

வாரச் செய்தி இப்போதும் குரலில்தான் போகிறது. தலைமையாசிரியையின் ஒரே உத்தரவு, ரயில் நிலையம் கூடாது, வீட்டில் பேசுவதுபோலப் பேசவேண்டும் என்பது. யாரையும் பேர் சொல்லி வம்பிழுக்கக் கூடாது என்பதை அத்தை தானாகவே சேர்த்துக்கொண்டாள். இன்னும் உள்ளங்கை வேர்க்கத்தான் செய்கிறது. வேர்த்தால் துடைத்துக்கொண்டு பேசுகிறாள்.

பருவத்தின் கடைசியில் ஒன்பதாம் வகுப்புக்கு வாய்மொழித் தேர்வு வந்தது. அன்று காலை அத்தை வருகைப் பதிவைப் பார்க்கிற சாக்கில் இரண்டு முறை அந்த வகுப்புப் பக்கம் நடந்தாள். வேன்காரர் மகள் வந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் வந்திருந்தாள். கதவு சாத்தப்பட்டது. அதற்குமேல் அத்தையால் நிற்க முடியவில்லை. அலுவலகத்துக்கு வந்து, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த பென்சில்களை ஒழுங்குபடுத்தினாள்.

மதியம் அந்தப் பெண் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கண்ணெல்லாம் கோபம்.

"அத்தை, அநியாயம்! மார்க்கக் குறைச்சுட்டாங்க!"

அத்தை சட்டென்று எழுந்தாள். "ஏன்டா? பேச முடியலையா?"

"நேரம் தாண்டிப் பேசிட்டேனாம்! போதும் போதும்னு டீச்சர் மூணு தடவை சொன்னாங்களாம், என் காதுல விழல. இன்னும் நிறைய இருந்துச்சு அத்தை, முக்கியமானதே கடைசியிலதான் வெச்சிருந்தேன்!"

அத்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள். பிறகு போனை எடுத்து வேன்காரருக்கு அடித்தாள். நடுச்சாலையில் இருப்பாரோ என்னவோ, ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள்.



"எம்பொண்ணா?" என்றார் அவர். "அதிகமா பேசினதுக்கா குறைச்சாங்க?"

"ஆமாங்க. வந்து கேக்குறீங்களா? டீச்சர்கிட்ட பேசவா?"

"வேணாம் வேணாம், அந்த மார்க் அப்படியே இருக்கட்டும்!" வேனின் ஹாரன் சத்தம் நீளமாக ஒருமுறை கேட்டது. வழியில் நின்ற யாரோ அவரைத் திட்டுவதும் கேட்டது. "அவகிட்ட குடுங்கக்கா, அந்தக் கடைசியில வெச்சிருந்தது என்னன்னு நான் இப்பவே கேக்கணும்."

அத்தை போனைக் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்திப் போட்டாள். பெண் உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஒரு கையை வீசி, ஆரம்பத்திலிருந்து பேசத் தொடங்கினாள்.