தமிழில் சொன்னது

சயந்தினி அப்பாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் உடலுக்கு உடுத்தவேண்டிய உடுப்புகளை மறுநாள் காலை பத்து மணிக்குள் கொண்டுவரும்படி இறுதிச்சடங்கு நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

அம்மா மகாதேவி கதவடியில் வந்து நின்றாள்.

"கொலரை வடிவாப் பண்ணு பிள்ளை. மடிஞ்சிருந்தா அவருக்குப் பிடிக்காது."

"ஓம்."

போன ஞாயிறு மத்தியானம் அப்பா தியாகராசா சோபாவில் இருந்தபடி தொலைக்காட்சியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஆளில்லாத புல்வெளியில் ஒரு குடும்பம் மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டிக் குடியேறும் கதை. ஜெர்மனியில் பதினெட்டு வருடம் உணவகச் சமையலறையில் வேலை செய்தும் அவருக்கு ஜெர்மன் மொழி சரியாகப் பிடிபடவில்லை. கடிதங்கள், டொக்டர் சொல்வது, படங்கள் எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்தே சயந்தினிதான் அவருக்குத் தமிழில் சொல்லிவந்தாள்.

"ஒண்டுமில்லாத இடத்தில வந்து தொடங்கியிருக்கினம், பாத்தியே," என்றார். "அந்த மனுசி இப்ப ஏன் அழுறா?"

"விளைச்சல் எல்லாம் பனியில அழிஞ்சு போச்சுதாம்."

படத்தில் அந்தப் பெண் பேசியதைச் சயந்தினி கேட்கவே இல்லை. அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்கான விண்ணப்பத்தை அன்றே அனுப்பவேண்டும். கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

படத்தில் பனிக்காற்று இரைந்தது.

"கை விறைக்குது," என்றார் அப்பா.

"பனிக்குள்ள நிண்டா விறைக்கும்தானே அப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "இடக்கை," என்றார்.

"ம்."

விளம்பரம் தொடங்கிய பிறகே திரும்பினாள். அப்பாவின் தலை சாய்ந்திருந்தது. அம்புலன்ஸில் வந்தவர்கள் அரை மணித்தியாலம் முயன்று பார்த்துவிட்டுக் கையுறைகளைக் கழற்றினார்கள்.

அவர் தமிழில்தான் சொன்னார்.

இப்போது பக்கத்து அறையில் அம்மா கனடாவுக்குத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு நோவும் வருத்தமும் சொல்லேல்லை தம்பி. படம் பாத்துக்கொண்டு இருந்தபடியே போயிட்டார். பிள்ளை பக்கத்தில இருந்தவள். அந்தக் குடுப்பினையாவது கிடைச்சுது அவருக்கு."

பிறகு ரிசீவரோடு வந்தாள்.

"அருட்பிரகாசம் சித்தப்பா. அப்பா கடைசியா என்ன சொன்னவர் எண்டு உன்னட்டக் கேக்கவேணுமாம்."

சயந்தினி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ரிசீவரை வாங்கினாள். அம்மா போகவில்லை. அவளும் அதைக் கேட்க நின்றாள்.

"சொல்லு பிள்ளை," என்றார் சித்தப்பா. "அண்ணை என்ன சொன்னவர்?"

"சித்தப்பா, அப்பா..."



"கேக்குதே? ஹலோ? லைன் விட்டுப் போச்சோ?"

அம்மா ரிசீவரை அவள் கையிலிருந்து வாங்கி, இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, தன் காதில் வைத்தாள்.