இரு, விடு

விடிவதற்குள் அரக்கனுக்குப் பல் விளக்கியாக வேண்டும். ராத்திரியெல்லாம் அந்த வாய்க்குள் புறாக்கள் அடைந்து, பல்லென்றும் நாக்கென்றும் பாராமல் எச்சமிட்டு வைத்திருக்கும். நீளக் கம்பில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு பெண்கள் ஏணியில் ஏறித் தேய்த்தார்கள். அழுக்குத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. கீழே, எல்லோரும் கிரீஸ் அண்ணன் என்று கூப்பிடும் மெக்கானிக் தண்டவாளத்துக்கடியில் மல்லாந்து படுத்துச் சங்கிலிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். பட்டன் அக்கா பனியில் நனைந்த இருக்கைகளைத் துடைத்தாள். மடிமேல் இறங்கும் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்து ஆட்டிப் பார்த்தாள். இரும்பின் குளிர்ச்சியில் விரல்கள் மரத்துப்போயின.

முன்பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கை மட்டும் அவள் பார்க்கவில்லை. அதை யாரோ ஏற்கெனவே கழுவிவிட்டிருந்தார்கள்.

கேபினில் உட்கார்ந்து ரயிலை விடும் பட்டனை அமுக்குவதால் அவளுக்கு அந்தப் பெயர். பிளாட்பாரத்தில் ஆட்களை ஏற்றி, கம்பியைப் பூட்டி, குரல் கொடுப்பவள் அவளுடைய நாத்தனார். அவளுக்கு ஆலைச் சங்கு மாதிரித் தொண்டை. அதனால் அந்தப் பொழுதுபோக்குப் பூங்கா முழுக்க அவள் பெயர் சங்கு. ரெண்டே வார்த்தையில் ரெண்டு பேரும் காலத்தை ஓட்டினார்கள். யாராவது இன்னும் சரியாக உட்காரவில்லை என்றால் சங்கு "இரு!" என்பாள். எல்லாம் ஆனதும் "விடு!" என்பாள். வீட்டில் குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதில்கூட ஒத்துப்போகாத அண்ணியும் நாத்தனாரும் இந்த ரெண்டு வார்த்தையில் ஒருநாளும் பிசகியதில்லை.

அப்போது இது வெறும் பாம்பு ரயில். சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. உச்சிக்கு ஏறினால் ஊரே காலடியில் தெரியும். அங்கிருந்து வயிறு வாய்க்கு வர ஒரு இறக்கம். அவ்வளவுதான். அதற்கே சனம் இறங்கினவுடன் மறுபடி வரிசைக்கு ஓடும்.

பிறகு அந்த அரக்கன் படம் வந்தது. ஒரு பாகம், ரெண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வந்துகொண்டே இருந்தது. முதலாளி படக்கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, பாம்பு ரயிலை அரக்கன் குகை ஆக்கினார். பணத்தை வாரி இறைத்தார். ஃபைபர் பாறைகள், புகை, கண் உருட்டும் தலை. உண்மையைச் சொன்னால், தலை அழகாகத்தான் இருந்தது. கூட்டமும் அள்ளியது. ஆனால் சங்கிலி பழசு, மோட்டார் பழசு, பிரேக்கும் பழசு. தோலுக்குத்தான் அத்தனை பணமும். எலும்பைத் தொட ஆளில்லை. உச்சியில் ஊர் தெரிந்த இடத்தில் இப்போது ஒரு திரை தொங்கி, படத்தின் காட்சி ஓடியது. "இதுக்கு இவங்க தியேட்டருக்கே போயிருக்கலாமே" என்று கிரீஸ் அண்ணன் சொன்னபோது மேனேஜர் முறைத்தார்.

கண்ணாடிக் கேபினை இடித்து அரக்கனின் வயிற்றுக்குள் தள்ளியதுதான் வினையாய்ப் போனது. அங்கிருந்து பிளாட்பாரம் தெரியாது. கையகல டிவியில் மங்கலாக ஒரு படம் தெரியும். எல்லாக் கம்பியும் பூட்டினால் பச்சை லைட் எரியும். காதுக்கு மேலே படத்தின் முரசு இடித்துக்கொண்டே இருக்கும். சாவி போட்டால் முரசும் கூடவே வரும். ரயில் ஓடும்போது அதை நிறுத்தக்கூடாது என்பது ஒப்பந்தம். "காது கேக்கல சார், கொஞ்சம் குறைங்க" என்று அவள் கேட்காத நாளில்லை. "லைட்டப் பாத்து அமுக்கும்மா, காது எதுக்கு?" என்பார் மேனேஜர்.

போன வாரம் ஒரு குழந்தையின் செருப்பு அந்த இடுக்கில் விழுந்தது. குழந்தை அழுதது. சங்கு "இரு!" என்று கத்திவிட்டு, ஒரு காலை இடுக்கில் இறக்கிக் குனிந்தாள். கம்பியெல்லாம் பூட்டியாயிற்று, லைட் பச்சை. முரசுக்கு நடுவே அண்ணியின் காதில் விழுந்தது சொல்லின் வால் மட்டும்தான்; அந்த "ரு" அவளுக்கு "டு" என்று கேட்டது. விடு என்றுதான் கேட்டது. அமுக்கினாள்.

சங்குவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் சங்கு கேட்டாள்: "அண்ணி, நான் இருன்னுதானே சொன்னேன்?"

"ஆமாம்மா. எனக்கு விடுன்னு கேட்டுச்சு."

"என்னைக்குத்தான் நான் சொன்னது உங்க காதுல ஒழுங்கா ஏறிச்சு?" என்றாள். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. அழுகை ஓய்ந்தபின் சங்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த முதலாளிய மட்டும் விடாதீங்க அண்ணி" என்றாள்.

அந்த வார்த்தையோடுதான் இன்றைக்கு வேலைக்கு வந்திருந்தாள். நாலாம் பாகம் வெளியாகப் போகிறது. அதற்காகக் குகையை மறுபடி திறக்கிறார்கள். முரசு அதே முரசு, கேபின் அதே கேபின். சங்கு நின்ற இடத்தில் நிற்க வேறொரு பெண்ணைப் போட்டிருந்தார்கள்.

வெயில் ஏறியதும் முதலாளி வந்தார். பல் பளபளப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். பட்டன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விசாரணைக்கு வர்றாங்க. அவ குரலே குடுக்காம குனிஞ்சிட்டான்னு சொல்லு. அவ்வளவுதான்."

"குடுத்தா முதலாளி."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. தப்பா கேட்டுச்சு."

"அப்ப தப்பு உன்னோடது." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஒண்ணு அவ தப்பு, இல்ல உன் தப்பு. குடும்பத்துக்குள்ளயே பேசி முடிவு பண்ணிக்குங்க."

"உங்க முரசோட தப்பு இல்லையா?"

"அந்த முரசுக்குத்தாம்மா கூட்டம் வருது. அந்தக் கூட்டத்துலதான் உன் வீட்டுல உலை கொதிக்குது. போ, போய் உக்காரு."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆள் நாசமாகப் போக வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்காக வருத்தப்படவில்லை. துடைத்த துணியை முறுக்கிப் பிழிந்தாள்; அது அவர் கழுத்தாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

படக்கம்பெனியிலிருந்து ஒரு அம்மா நாலைந்து பேருடனும் கேமராவுடனும் வந்தாள். "போன வாரம் ஏதோ ஆச்சாமே? எங்க படத்தோட பேரு கெட்டுடக்கூடாது" என்றாள்.

"வேலைக்காரி கவனக்குறைவு மேடம். நானே நின்னு காட்டுறேன், ஏறி உக்காருங்க" என்றார் முதலாளி.

அவர்கள் ரயிலில் ஏறினார்கள். பட்டன் அக்கா வயிற்றுக்குள் போய்ச் சாவியைப் போட்டாள். முரசு இடித்தது. கையகல டிவியில் முதலாளி தெரிந்தார். தன் கையாலேயே கம்பிகளைப் பூட்டி கேமராவுக்குச் சிரித்தார். கேமராக்காரன் ஏதோ சொல்ல, ஒரு காலைத் தூக்கி முன்பெட்டியின் படியில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு கால் பிளாட்பாரத்தில். கீழே அதே இடுக்கு.

லைட் பச்சை ஆனது.

முதலாளி கேபின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். எதுவோ சொன்னார். அவள் காதில் "டு" என்றுதான் விழுந்தது.

விரல் பட்டனின் மேல் இருந்தது. அமுக்கினால் யார் என்ன சொல்ல முடியும்? லைட்டைப் பார், காது எதற்கு என்றவர்கள் அவர்கள்தானே. அமுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆள் ஒற்றைக் காலோடு வாசல் தாண்டத் தவிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பட்டனின் சூடு விரலில் ஏறியது.

அவள் விரலை எடுத்தாள். சாவியைத் திருகி உருவினாள். முரசு நின்றது. இறங்கி, அரக்கனின் தொடைக்கடியில் இருந்த கதவு வழியாகப் பிளாட்பாரத்துக்கு வந்தாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார் முதலாளி. கால் இன்னும் படியில்தான் இருந்தது.

"இப்ப என்ன சொன்னீங்க முதலாளி?"

"இருன்னு சொன்னேன். கேமரா எடுக்கறாங்கல்ல, இருன்னேன்."

"எனக்கு விடுன்னு கேட்டுச்சு."

முதலாளி படியில் இருந்த காலைப் பார்த்தார். இடுக்கைப் பார்த்தார். காலை மெல்ல எடுத்துப் பிளாட்பாரத்தில் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. ரயிலில் இருந்த அம்மா, "கம்பியத் திறங்க, முதல்ல திறங்க!" என்று அலறினாள்.

"லைட்டு பச்சை. என் விரல் பட்டன் மேலதான் இருந்துச்சு" என்றாள் பட்டன் அக்கா. "பாவம்னு விட்டேன்னு நெனைக்காதீங்க. எனக்குப் பாவமாவே இல்ல. உங்க காலு போனா நீங்க படுத்துக்கிட்டே முதலாளியா இருப்பீங்க, நான் ஜெயிலுக்குப் போவேன், என் நாத்தனாருக்கு ஒரு காலும் வராது. எனக்கு உங்க காலு வேணாம். விசாரணைக்கு வர்றவங்க முன்னாடி, இப்ப நின்ன மாதிரியே இங்க நின்னு, என்ன சொன்னீங்க, எனக்கு என்ன கேட்டுச்சுன்னு நீங்களே சொல்லணும். அது வரைக்கும் இது ஓடாது."

"மிரட்டுறியா? போலீஸக் கூப்பிடுவேன்! சாவியக் குடு!" அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. "பட்டன் அமுக்க ஆளா இல்ல? ஏய் கிரீஸு, மாத்துச் சாவி வாங்கிக்கிட்டுப் போய் உக்காருடா!"

கிரீஸ் அண்ணன் பிளாட்பாரத்தின் ஓரத்திலிருந்து எழுந்து வந்தார். நிதானமாகக் கையைத் துடைத்தார். ஒரு காதைக் குடைந்துகொண்டார்.

"என்ன முதலாளி சொன்னீங்க? கேக்கல."

"பட்டன அமுக்குடான்னேன்!"

"கேக்கலையே. அந்த முரசு அடிச்சு அடிச்சு எனக்குக் காது போயிடுச்சு."

சங்குவின் இடத்தில் நிறுத்தப்பட்ட பெண் அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பட்டன் அக்காவின் அருகில் போய் நின்றாள். "எனக்கும் கேக்கல" என்றாள். பல் விளக்கிய பெண்களும் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு அருகே வந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை.

மேனேஜர் கையில் இருந்த வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். "ராட்டினம்! ராட்டின ஆபரேட்டர் உடனே குகைக்கு வா!"

கரகரப்புக்குப் பிறகு பதில் வந்தது. "கேக்கல சார்."

எல்லா ஆபரேட்டர்கள் இடுப்பிலும் அதே பெட்டிதான் தொங்குகிறது. முதலாளி போட்ட கூச்சலும் இவர்கள் சொன்ன பதிலும், மேனேஜர் பதற்றத்தில் அமுக்கியே பிடித்திருந்த பெட்டி வழியாக எல்லோருக்கும் போயிருந்தது. "தண்ணிச் சறுக்கு! நீயாவது வாய்யா!" என்றார் மேனேஜர். தண்ணிச் சறுக்குக்கும் கேட்கவில்லை. மோதல் கார்காரன், கூப்பிடுவதற்கு முன்பே, "சார், எனக்கும் கேக்கல, இப்பவே சொல்லிட்டேன்" என்றான். பிளாட்பாரத்தில் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தூரத்தில் ராட்டினம் மெதுவாகிக் கடைசி ஆளையும் இறக்கிவிட்டு நின்றது.

வாசலில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. போலீஸ் வந்தாலும் வரும், நாளைக்கு வேலை இல்லையென்றாலும் இல்லை. சங்கு அங்கே ஒற்றைக் காலோடு படுத்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் கிடைத்துவிடவில்லை. ஆனால் இப்படித் தோளோடு தோள் உரச இவர்கள் நின்றதை அந்த இடம் அதற்குமுன் பார்த்ததில்லை. பட்டன் அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதலாளி கத்தினார். கையை நீட்டி நீட்டி, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொருவரையும் பார்த்துக் கத்தினார். அவள் காதருகே கையைக் குவித்து வைத்துக்கொண்டாள்.

"கேக்கல முதலாளி," என்றாள். "இப்படிக் கிட்ட வந்து, அந்த இடுக்குல நின்னு சொல்லுங்க."