பச்சைக் காருக்கு வரன்

எங்கள் பச்சைக் காரைக் கட்டிக்கொடுப்பதற்காகக் கோத்தகிரி மலைமேல் இருக்கும் பழங்கால கிராம அருங்காட்சியகத்துக்குப் போனோம். பழைய கார்களும் பழைய கட்டிடங்களும் அங்கே சேர்ந்து இருக்கின்றன. ஏதாவது ஒரு கட்டிடத்துக்குப் பிடித்தால்தான் காரை எடுத்துக்கொள்வார்கள். பெண் வீட்டார்தான் போக வேண்டும்.

எனக்கும் சுலோசனாவுக்கும் பிள்ளைகள் இல்லை. எங்களுக்குப் பிறகு கார் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுமோ என்ற கவலை இருவரையும் அரித்துக்கொண்டிருந்தது. காலையில் அவள் அதைக் குளிப்பாட்டி, கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டாள். மலை ஏறும்போது மாப்பிள்ளை வீட்டாருக்கான கேசரிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

காப்பாளர் மயில்சாமி முதலில் துரை பங்களாவிடம் அழைத்துப்போனார். அது எல்லா ஜன்னல்களாலும் காரை ஏற இறங்கப் பார்த்தது. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னது. பங்களாவின் சார்பில் மயில்சாமி எங்கள் கேசரியைச் சாப்பிட்டார்.

அடுத்தது பள்ளிக்கூடம். பெண்ணுக்கு வயது கொஞ்சம் கூடுதலோ என்று இழுத்தது. தன் நெற்றியில் 1884 என்று பொறித்திருப்பதை அது பேச்சில் எடுக்கவில்லை. அதன் சார்பிலும் மயில்சாமியே சாப்பிட்டார்.

"ஏனுங்க, போயிரலாம். புள்ளைய இப்படி ஒவ்வொருத்தர் முன்னாடியும் கொண்டுபோய் நிறுத்த மனசு கேக்கல" என்றாள் சுலோசனா. நான் சாவியை எடுத்தேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க அம்மா. சின்ன இடம். ஆனா தங்கமான குணம்" என்றார் மயில்சாமி.

அது ஒற்றை அறை தபாலாபீஸ். ஓட்டுக் கூரை. ஸ்டாம்பு விற்கும் ஜன்னல் வழியாக ஒரு கரண்டி கேசரியைத் தானே வாங்கிக்கொண்டது. பிறகு, பாடத் தெரியுமா என்று கேட்டது. கார் வெகுநேரம் தயங்கி ஹாரன் அடித்தது. குரல் நடுவில் உடைந்தது. தபாலாபீஸ் அதைக் கவனிக்காததுபோல் இருந்தது. அந்தப் பெருந்தன்மையிலேயே எனக்கு அதைப் பிடித்துவிட்டது.

இருவரும் தனியாகப் பேச வேண்டும் என்றார்கள். நாங்கள் கிணற்றடிவரை நடந்துவிட்டு வந்தோம். மயில்சாமி சுவரில் காது வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"சம்மதமாமுங்க. சீர் எதுவும் வேண்டாமாம். ஒரே ஒரு ஆசைதான். ஆயுசு பூரா அடுத்தவங்க வீட்டுக்குக் கடுதாசி அனுப்பியே காலம் போயிருச்சாம். ஒரு வீட்டுல இருந்து பாக்கணுமாம். உங்களோடயே வந்துரட்டுமான்னு கேக்குது."

சுலோசனா அழுதுவிட்டாள். "எங்களுக்கும் ஆளு வேணுமுல்ல. வரச் சொல்லுங்க" என்றாள்.

தபாலாபீஸ் மயில்சாமியிடம் சொல்லிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் அதற்குத் தலை சுற்றாமல் இருக்க, கண்ணாடியை இறக்கிவிட்டேன்.