நூற்றேழா, நூற்று முப்பத்தைந்தா

வானூர் சாலையில் இருக்கும் புனிதாவின் ஓட்டலுக்குப் பின்கட்டில், சுமித் இரண்டு புகையடுப்புகளையும் திறந்து அடுப்புக்கு ஒன்றாகப் பன்றி விலா அடுக்கு இரண்டை எடுத்து மேசையில் வைத்தான். ஒரே மசாலா, ஒரே முந்திரி விறகு. சூடுதான் வேறு. ஒன்று காலையிலிருந்து நூற்றேழு டிகிரியில் மெல்ல வெந்தது. மற்றது மதியம் ஏறி நூற்று முப்பத்தைந்தில் சுருக்காக வெந்தது.

"ரெண்டுல ஒண்ண சொல்லு சுமித். நாளைக்கு திண்டிவனம் கடை தொறக்குறோம், ஒரே சூட்ட புடிச்சிக்கணும்" என்றாள் புனிதா. மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு ஜலதோஷம், ஒரு ருசியும் தெரியல. அந்தக் கடைய பாத்துக்கப் போறவன் நீ. நீயே சாப்ட்டு சொல்லிடு. கல்லாவ பாத்துட்டு வர்றேன்."

சுமித் தலையாட்டினான். எல்லா வினையும் இந்தத் தலையாட்டலால் வந்ததுதான். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பிள்ளை அவன், முட்டைகூடச் சாப்பிட்டதில்லை. ரொட்டி சுடத்தான் இங்கே வந்தான். இறைச்சி வேலை பார்த்தவர் நின்றுவிட்டபோது, "நீ இதெல்லாம் சாப்புடுவ இல்ல?" என்று புனிதா கேட்டாள். தலையை ஆட்டிவிட்டான். வீட்டைப் பொறுத்தவரை இன்னும் ரொட்டிதான் சுட்டுக்கொண்டிருக்கிறான். அம்மா ரத்னமாலா ஊரெல்லாம் அப்படித்தான் பெருமை பேசுகிறாள்.

இதுநாள்வரை கண்ணை வைத்தே காலம் தள்ளியாயிற்று. இடுக்கியால் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினால் அடுக்கு வளைய வேண்டும், மேல்பக்கம் லேசாக விரிசல் விட வேண்டும், எலும்பு நுனி வெளியே தெரிய வேண்டும். சாப்பிட்டவர்கள் கைப்பக்குவம் என்றார்கள். வாயில் வைக்காமலே வந்த பக்குவம் என்று யாருக்குத் தெரியும்? இன்று பார்த்து இரண்டும் வளைந்தன, இரண்டும் விரிந்தன. பாவிகள், ஒன்றாவது தோற்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்சாவைக் கூப்பிட்டு இரண்டிலும் ஒவ்வொரு துண்டு கொடுத்தான்.

"இது பஞ்சாட்டம் இருக்குது தம்பி. அது நல்லா கடிச்சி இழுக்க வருது."

"எது நல்லா இருக்குது?"

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்குது." இன்னும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

குத்துமதிப்பாக நூற்றேழு என்று சொல்லிவிடலாம். தப்பாகப் போனால் திண்டிவனத்தில் முதல் நாளே மானம் போகும், கடையும் கைவிட்டுப் போகும். உண்மையைச் சொன்னால் அது இப்போதே போகும். கறியோடு ஒரு எலும்பை உருவி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தான். முந்திரித் தோப்புக்குமேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கம் அவன் வீட்டில் இல்லை, அவனுக்கும் இல்லை. கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் இருட்டிவிடும், அப்புறம் சாப்பிட முடியாது. அது தப்பிக்கும் வழியா, அல்லது சாப்பிடுவதென்றால் இப்போதே சாப்பிட்டுவிட வேண்டும் என்ற அவசரமா? பன்றியைக் கையில் வைத்துக்கொண்டு பொழுதுக்குப் பயப்படுகிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

போன் அடித்தது. தினமும் இந்த நேரத்துக்கு அம்மா கூப்பிடுவாள்.

"சாப்டியாப்பா?"

"இன்னும் இல்லம்மா."

"பொழுது போய்க்கினு இருக்குது, இன்னா பண்ற?"

"கையிலதான் வெச்சிக்கினு இருக்கேன்."

"வெச்சிக்கினு வேடிக்க பாக்குறியா? ஜல்தி சாப்டு கண்ணு, இருட்டிடப் போவுது. நீ வாயில வெச்சப்புறந்தான் நான் போன வெப்பேன்."

கையில் இருப்பது எந்த அடுப்புடையது என்று பார்த்தான். ஞாபகமில்லை. தோப்புக்குமேல் சூரியன் பாதிதான் மிச்சம். எலும்பிலிருந்து வழிந்த கொழுப்பு மணிக்கட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மறுமுனையில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள்.