தாய்மாமனுக்கு லீவு இல்லை

பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியின் கிடா என் சேலை முந்தியைத் தின்ற அன்றோடு என் பொறுமை போயிற்று. அவள் மகள் சத்யபிரியாவின் காதுகுத்துக்காகக் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. குட்டியாக வந்தது, இன்று கன்றுக்குட்டி உயரம். வெட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. எல்லாம் தாய்மாமனால் வந்த வினை.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் விஜயபாண்டியோ கம்போடியாவில், கடலோர ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை. தையில் வாரேன் என்றான், ஆவணியில் வாரேன் என்றான். பிள்ளை மூன்றாம் வகுப்புக்கே போய்விட்டாள், இன்னும் ஒட்டுக்கம்மல்தான். கார்த்திகைக்கு நாள் குறித்து, அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுப் பத்திரிகையும் அடித்த பிறகு போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டால் எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்கும். நான் என்ன செய்ய?

"அக்கா, இங்க கடல் திருவிழா. கூட்டம் தெரண்டு வருது. மொதலாளி ஒரு நாள்கூட லீவு தரமாட்டேங்குறாரு."

"பாவம்க்கா, அடுப்புல வெந்து கெடக்கான்" என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள் முத்துப்பேச்சி. எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த வாரமே என் போனில் ஒரு வீடியோ வந்து நின்றது. நானாகத் தேடவில்லை. அவன் பெயரைப் போட்டுத் தட்டினேன், அவ்வளவுதான். ‘கெமர் கடல் திருவிழாவில் என்னென்ன ரசிக்கலாம்?’ என்று தலைப்பு. பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் நண்டு. அடுப்பில் வெந்தது அந்த நண்டு மட்டும்தான்.

முத்துப்பேச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பச்சை மிளகுக் கொத்தோடு வதக்கிய நண்டு, படகுப்போட்டி, மணலில் செய்த சிற்பம், ராத்திரி வாணவேடிக்கை என்று வரிசையாகக் காட்டினான். கரையெல்லாம் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இத ஒங்களுக்குக் காட்டணும்னே ஒரு வாரம் லீவு போட்டு வந்துருக்கேன் மக்களே. கெமர்க்காரங்க, அதான் இந்தக் கம்போடியா சனங்க, எங்க இருந்தாலும் விசேஷம்னா குடும்பத்தோட சேந்துருவாங்க. நாம கத்துக்கிறணும்."

முத்துப்பேச்சி அந்த இடத்தை மட்டும் திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

"பாத்தீகளாக்கா. குடும்பத்தப் பத்தி எனக்குப் பாடம் நடத்துறான்."

முத்துப்பேச்சியின் சித்தப்பா மகன் ராஜபாண்டி மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார் அவள் வீட்டுக்காரர் ஜெயக்குமார்.

"கூடப் பொறந்தவன் நண்டு திங்கிற அளவுக்கு நல்லாத்தான இருக்கான். அவன் எடத்துல எவரும் ஒக்கார வேண்டாம்" என்று மறுத்துவிட்டாள் முத்துப்பேச்சி.

குறித்த நாளில், பரளச்சிப் பக்கம் இருக்கும் அவர்கள் குலசாமி கோயிலுக்குப் போனோம். என் வீட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் சேரை முதல்நாளே இரவல் வாங்கியிருந்தாள். ஆள் உட்காரத்தான் என்று கொடுத்துவிட்டேன். கூட்டத்தின் நடுவே அதைப் போட்டு, தாய்மாமனுக்கு வாங்கிய மாலையை அதன் முதுகில் மாட்டி, பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தாள்.

"தாய்மாமன் எங்கம்மா?" என்றார் ஆசாரி.

"லீவு கெடைக்கலயாம். நீங்க குத்துங்க."

ஆசாரி ஊசியை எடுத்தார். வளைத்துப் பிடிக்க மாமன் கை இல்லாமல், சத்யபிரியா சேரின் இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டு அழுதாள். முத்துப்பேச்சி போனை எடுத்து வீடியோ பிடித்தாள்.

"மக்களே, இந்தக் காதுகுத்துல மொதல்ல ரசிக்க வேண்டியது தாய்மாமன் மடி. நல்லாப் பாத்துக்கோங்க."

அங்கிருந்தே அவனுக்கு அனுப்பினாள். இலை போட்டுக் கறி பரிமாறும்போது போன் அடித்தது.

"அக்கா, எனக்கு மாலையப் போட்டு இப்பிடி அசிங்கப்படுத்திட்டியே" என்று அங்கே அழுகை.

"நண்டு நல்லாருந்துச்சாடா? இங்க கிடாக்கறி. பரிமாறுற வேல கெடக்கு, பேச லீவு இல்ல" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் எனக்கும் அவனிடமிருந்து போன் வந்தது. "நீங்கதான் வீடியோவக் காட்டுனீகளாம்ல."

"ரசிக்கலாம்னுதான தம்பி போட்டிருந்த" என்றேன்.

சேர் இன்னும் திரும்பி வரவில்லை. கேட்கப் போனால், சத்யபிரியா அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். காதில் தங்கக் கம்மல்.

"இது எங்க மாமா. தரமாட்டேன்" என்கிறாள்.