பத்து ஒன்பதுகள்

நாலாவது மாடியைத் துடைத்து முடித்த பிறகும் அக்கா போகவில்லை. வாளியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வடிகட்டியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். மணி எட்டரை. மற்றவர்கள் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

வடிகட்டி என்பது டீமில் அவளுக்கு வைத்த பெயர். ஒப்பந்தக்காரர்கள் தங்கள் ஆட்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளை அந்த அலுவலகம் செய்துகொடுத்தது. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தாலோ, தேதி தாறுமாறாக இருந்தாலோ கண்டுபிடித்து நீக்குவது அவள் வேலை. அந்த மாடியைத் துடைக்கிற அக்காவும் அப்படியொரு ஒப்பந்தக்காரரின் ஆள்தான். என்ன வேலை செய்கிறாய் என்று அக்கா ஒருமுறை கேட்டபோது, "லிஸ்டுல இருக்கற குப்பைய எடுக்கறேன்க்கா" என்றாள். "அட, இதுக்குப் போயி ஏசி ரூமா?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று முதல் இருவரும் சினேகம்.

"பாப்பா, இதைக் கொஞ்சம் பாரேன். ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிட்டாங்க."

காகிதத்தில் ஒரே வரி. இந்தப் பெயரில் பணியாளர் எவரும் இல்லை.

"அஞ்சு வருஷம் முடிச்சா புருஷன் பிள்ளைங்களுக்கும் வைத்தியம் இலவசம்னு சொன்னாங்கல்ல? எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. வர்ற புதன்கிழமை அவருக்கு ஆபரேஷன். கிட்னியில கல்லு. ராத்திரியெல்லாம் சுருண்டு கிடக்கறாரு."

"பேர்ல எழுத்து மாறியிருக்கும்க்கா. இருங்க, ஒரு நிமிஷம்."

பெயரைப் போட்டாள். இல்லை. அக்காவின் கழுத்தில் தொங்கிய அட்டையின் எண்ணைப் போட்டாள். அதுவும் இல்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "கம்ப்யூட்டர்ல பதியறப்ப போன் நம்பர் என்ன குடுத்தீங்க?"

"எனக்கு ஏது போனு? இல்லைன்னேன். நம்பர் போடாம அடுத்த பக்கம் போகாதுன்னு பதிஞ்ச தம்பியே எதையோ டொக்கு டொக்குன்னு தட்டுச்சு."

வடிகட்டி தான் முன்பு எழுதிய ஒரு வரியைத் தேடித் திறந்தாள்.

ஐந்து வாரம் முன்னால், மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாவதற்கு முந்தைய நாள், சோதனைக்காகப் போட்ட போலிப் பதிவுகளை அவள் நீக்கினாள். போலி என்றால் போன் நம்பர் பத்து ஒன்பதுகள். டீமில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. பத்து ஒன்பதுகள் இருக்கிற பதிவையெல்லாம் நீக்கு என்று ஒரு வரி எழுதினாள். போன் இல்லாதவர்களுக்கு வெளியே பதிவு செய்கிறவர்களும் அதையே தட்டியிருப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? இருநூற்றுப் பதினான்கு பதிவுகள் போயின. அவற்றில் ஒன்றே ஒன்றைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் தரவேண்டும் என்பது விதி. பக்கத்து இருக்கைக்காரனுக்கு அனுப்பினாள். அவன் பெயரே 'ஓகே'. எதை அனுப்பினாலும் ஒரு வாய் காபிக்குள் 'ஓகே' என்று பதில் வந்துவிடும். அவன் அனுப்புவதை அவளும் அப்படித்தான் பார்ப்பாள். நட்பு என்று அதை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வடிகட்டி லீடரிடம் போய்ச் சொன்னாள். பத்து மணிக்கு எல்லோரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார்கள்.

"யார் செஞ்சதுங்கற பேச்சே இங்க வேணாம். ஏன் நடந்துச்சுன்னு மட்டும் பார்ப்போம்" என்றார் லீடர். அதுதான் அங்கே முறை.

"நான் படிக்கவே இல்ல. நீ அனுப்பினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றான் ஓகே. அவன் முகம் செத்துப்போயிருந்தது.

நீக்கிய பதிவுகளின் பழைய பிரதி கணினியில் முப்பது நாள்தான் இருக்கும். நீக்கி அன்று முப்பத்தாறாம் நாள். இத்தனை நாள் ஏன் யாரும் கத்தவில்லை? வாசல் மெஷின் அக்காவின் அட்டையை ஏற்கவில்லைதான். மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று சூப்பர்வைசர் நோட்டில் எழுதி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். நல்லது செய்வதாகத்தான் அவரும் நினைத்தார்.

"அவங்க சேர்ந்த தேதி எனக்குத் தெரியும் சார். நானே போட்டுடறேன்" என்றாள் வடிகட்டி.

"அது ஒப்பந்தக்காரரோட தகவல்மா. அவங்க சொல்லாம நாம தேதி போட்டா அது மோசடி."

ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் போயிற்று. மூன்றாம் நாள் பதில் வந்தது. எல்லாம் கணினிக்கு மாறியபோதே பழைய காகிதங்களை அழித்துவிட்டார்களாம். விடுபட்டவர்களைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளத் தங்களுக்கு ஆட்சேபம் இல்லையாம். பதினோரு வருஷத்தை ஒரே வரியில் கழுவி விட்டுவிட்டார்கள்.

கூட்டத்தின் அறிக்கை நாலு பக்கம் வந்தது. அதில் யார் பெயரும் இல்லை. இனிமேல் பத்து ஒன்பதுகளைப் படிவம் ஏற்காது, போனுக்குக் குறியீடு அனுப்பிச் சரிபார்த்த பிறகே பதிவாகும் என்று முடிந்திருந்தது. கடைசியில் லீடர் டீமைப் பாராட்டி இரண்டு வரி எழுதியிருந்தார். நாலு பேர் முன்னால் நிறுத்தித் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வடிகட்டிக்கு.

திங்கட்கிழமை காலை அக்காவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடதுக்கா. உங்க பேரை எடுத்தது நான்தான்."

"சும்மா இரு பாப்பா. மெஷின் பண்ற கூத்துக்கு நீ என்ன செய்வே?"

"இல்லக்கா, நிஜமாவே நான்தான். நான் பார்க்காம..."

"அழாதே. யாராச்சும் பார்க்கப்போறாங்க. இப்பத் திருப்பிச் சேர்க்கறேல்ல, அது போதும்."

வடிகட்டி படிவத்தை நிரப்பினாள். பெயர், வயது, வேலை. போன் நம்பர் கேட்ட இடத்தில் தன் நம்பரைப் போட்டாள். குறியீடு வந்தது, தட்டினாள். சேர்ந்த தேதி என்ற கட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது. இன்றைய தேதியை அதுவே போட்டுக்கொண்டது. அதன் மேல் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள். மாற்ற விடவில்லை.

மேசை மேல் போன் அதிர்ந்தது.

'நல்வரவு! இன்று உங்கள் முதல் நாள். ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்ததும் குடும்ப மருத்துவச் சலுகை பெறுவீர்கள்.'

அக்காவுக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியவில்லை. சத்தத்தைக் கேட்டு முகம் மலர்ந்து எழுந்தாள்.

"வந்துருச்சா? அப்ப புதன்கிழமை அவரைக் கூட்டிட்டுப் போயிடலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே வாளியைக் கையில் எடுத்தாள்.