புரட்டாசியில் ஒரு நண்டுத் தட்டு

மழைக்காலத்தில் எந்தக் கிறுக்கும் லங்காவித் தீவுக்குப் போகாது என்றான் என் மகன் புவனேசன். கடல் ஆடும், ஃபெர்ரி நிற்கும், பாதிக் கடை பூட்டிக் கிடக்கும் என்று அடுக்கினான். கூட்டம் இருக்காது, அதனால்தான் போகிறேன் என்றேன். புரட்டாசி விரதத்தை ஞாபகப்படுத்தினான். விரதத்துக்கு வாயைக் கட்டச் சொன்னார்களே தவிர, காலைக் கட்டச் சொல்லவில்லை.

எனக்கு ஐம்பத்தாறு வயது. சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அது முடிந்தது. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. சுங்கை லாலாங் வீட்டில் நானும் டிவியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தது போதும் என்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு முதுகுப்பை வாங்கினேன். முதலில் லங்காவி, அடுத்த தடவை தாய்லாந்துத் தீவுகள், அதற்குப் பிறகு கால் போகிற வரைக்கும்.

புவனேசன் கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தான்.

"சரிம்மா, போங்க. ஆனா நான் அங்க வர்ற மாதிரி ஏதாச்சும் ஆச்சுன்னா, இந்தப் பேக் வேலைய அதோட விட்டுரணும்."

சரி என்றேன். அவன் அப்பனைப் போலவே சொன்ன சொல்லை விடமாட்டான் என்பது தெரிந்தும் சொன்னேன்.

லங்காவியில் பந்தாய் சேனாங் கடற்கரை விடுதியில் ஓர் அறைக்கு ஆறு கட்டில். மற்ற ஐந்திலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். எனக்கு மேல் கட்டிலில் லேனா என்று ஒரு ஜெர்மன் பெண். துணியைச் சுருட்டிப் பைக்குள் அடுக்க அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். நான் ஊறுகாய் கொடுத்தேன். அழுதுகொண்டே சாப்பிட்டாள். இரண்டு நாளும் விட்டு விட்டு மழை. நனைந்துகொண்டே நீர்வீழ்ச்சி பார்த்தோம், நனைந்துகொண்டே கடலில் குளித்தோம். ஒரு தடவை நனைந்த பிறகு மழையெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் பார்ட்டி. நீலத் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே நண்டு சுட்டார்கள். நான் சோளம் தின்றேன். லேனா தன் நண்டுத் தட்டை என்னிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, என் போனிலேயே என்னைப் படம் எடுத்தாள். பின்னால் கூட்டம் ஆடுகிறது, முன்னால் மழைக்கோட்டும் பொட்டுமாக நான். படம் எனக்கே பிடித்துப்போனதால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். போனைப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பைக்குள் திணித்துவிட்டு ஆடப் போனேன். எனக்குத் தெரிந்தது கல்யாண வீட்டு ஆட்டம்தான். அதை ஆடினேன். நாலு பிள்ளைகள் என்னைப் பார்த்து ஆடினார்கள். கர்வமாக இருந்தது, மறைப்பானேன்.

மறுநாள் காலை தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் கடையில் தோசை தின்றுகொண்டிருக்கும்போது எதிரில் ஒருவன் சொட்டச் சொட்ட வந்து நின்றான். என் மகன். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தட்டைப் பார்த்தான்.

"என்னம்மா சாப்புடுறீங்க?"

"தோசை. கண்ணு தெரியலையா? நீ எங்கடா இங்க?"

பதில் சொல்லாமல் போனை நீட்டினான். நண்டுத் தட்டோடு நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"நேத்து மூணாவது சனிக்கிழமம்மா. எத்தன தடவ போன் அடிச்சேன், எடுக்கவே இல்ல. எவனோ எதையோ குடிக்கக் குடுத்துட்டான்னு நெனச்சேன். சுயநெனவோட எங்கம்மா புரட்டாசி சனிக்கெழம நண்ட தொடமாட்டாங்க லா."

மழைக்கு அவன் பயப்படவில்லை, ஆட்டத்துக்குப் பயப்படவில்லை. நண்டு அவனை விடியும் முன்னே கோலகெடா ஃபெர்ரித் துறைக்குக் காரோட்ட வைத்துவிட்டது. ஃபெர்ரியில் மூன்று தடவை வாந்தி எடுத்தானாம், விடுதியில் கேட்டு இந்தக் கடைக்கு வந்தானாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் கண் சிவந்திருப்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. படத்தைவிட என்னைத்தான் நம்பியிருக்கிறான். அந்த நம்பிக்கைதான் அவனை இப்படிப் படுத்தியிருக்கிறது.

"அது அந்த ஜெர்மன்காரப் புள்ளையோட தட்டுடா. நான் புடிச்சிக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்."

பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். என் தோசையில் பாதியைத் தின்றான். தெம்பு வந்ததும் பழைய பேச்சை எடுத்தான்.

"மத்தியான ஃபெர்ரிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். நான் வர்ற மாதிரி ஆயிருச்சுல்ல, பேசுனபடி கெளம்புங்க."

"நான் ஒன்ன கூப்புடல."

"கூப்புட்டாதான்னு பேசலையே."

நியாயம்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது. முதுகுப்பையை மாட்டிக்கொண்டு அவனோடு குவா படகுத்துறை ஜெட்டிக்குப் போனேன்.

ஜெட்டியில் ஒரு பக்கம் பெரிய ஃபெர்ரி. இன்னொரு பக்கம் தூபா தீவுக்குப் போகும் சின்னப் படகுகள். அங்கே ஒரு மலாய்க்கார அம்மா வீட்டில் நாலு நாளுக்கு அறை சொல்லி வைத்திருந்தேன். மழை விட்டிருந்தது. என் கால் படகுப் பக்கம் போய் நின்றுகொண்டது.

"நான் தூபாவுக்குப் போறேன், புவனா. வியாழக்கெழமதான் வருவேன்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்ப நானும் வர்றேம்மா. லீவு சொல்லிக்கிறேன்."

சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அவன் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பையைத் தூக்குவான், வழி கேட்பான், எல்லாம் பார்த்துக்கொள்வான்.

"வேணாம்."

"தனியா பயமா இல்லையா ஒங்களுக்கு?"

"பயமாத்தான் இருக்கு. வந்த அன்னிக்கு ஒன் நம்பர எடுத்து வச்சிக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்."

"அடிச்சிருக்கலாம்லம்மா. நான் வந்திருப்பேன்."

"தெரியும். அப்பா போனதுலேருந்து எதுக்குக் கூப்புட்டாலும் நீ வந்து நின்னுருக்க. நீ வந்துருவேன்னு தெரிஞ்சே நான் எதையும் தனியா செஞ்சு பாக்கல. என்னால முடியுமா முடியாதான்னு எனக்கே தெரியலடா."

அவன் என் பையை வாங்கிப் படகில் வைத்து, தளர்ந்திருந்த வாரை இறுக்கிவிட்டான்.

"வியாழக்கெழம கோலகெடாவுக்கு நான் கெரேத்தா எடுத்துட்டு வரட்டா?"

"வேணாம். காரெல்லாம் எதுக்கு, பஸ்ல வந்துக்கிறேன்."

தலையாட்டினான். அதற்கு அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. படகு நகர்ந்ததும் நான் கையை அசைத்தேன். அவனும் ஒரு கையை அரைகுறையாகத் தூக்கினான். மற்றொரு கையில் இரண்டு டிக்கெட்டும் அப்படியே இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. படகோட்டி திரும்பிப் பார்த்து, இறங்க வேண்டுமா என்று மலாயில் கேட்டார்.

இல்லை, போகலாம் என்றேன்.